ஞானப்பூ வாசிக்காமல் விட்ட மூன்று வசனம்

ஞானப்பூவுக்கு எழுத்துத் தெரிந்தது கல்யாணத்துக்குப் பிறகுதான். முசிறிக்கு மேற்கே ஒரு கிராமத்தில் ஆடு மேய்த்துக்கொண்டிருந்த பெண் அவள். ரயில்வேயில் தண்டவாளம் மாற்றிவிடும் பாயிண்ட்ஸ்மேனாக இருந்த பாக்கியநாதன் 1935-இல் அவளைக் கட்டிக்கொண்டு ஸ்ரீரங்கம் ஸ்டேஷனுக்குப் பின்னால் இருந்த இரண்டு அறை க்வார்ட்டர்ஸுக்கு அழைத்து வந்தார். வந்த மறுநாள் காலையிலேயே பைபிளைத் திறந்து, அவள் விரலைப் பிடித்து, முதல் அதிகாரத்தின் முதல் எழுத்தின் மேல் வைத்தார்.

"இது 'ஆ'. சொல்லு."

"ஆட்டுக்குட்டி காதைத் தொங்கப் போட்ட மாதிரி இருக்கு" என்று அவள் சிரித்துவிட்டாள். அவரும் சிரித்தார். அப்படி ஆரம்பித்த படிப்பு. சிலேட்டு கிடையாது, பலகை கிடையாது, வேறு புத்தகமே கிடையாது. மூன்று வருஷத்தில் அவள் முழு வேதத்தையும் எழுத்துக் கூட்டி வாசித்து முடித்தாள். அதனால் எதை வாசித்தாலும் அவளுக்கு அந்த ராகம்தான் வரும்.

"யக்கா, டவுன் பஸ் போர்டைக்கூட நீ ஜெபம் பண்ற மாதிரியே வாசிக்கிறியே! திருவானைக்காவல், தெப்பக்குளம்னு நீ சொல்றப்ப எனக்குக் கை எடுத்துக் கும்பிடணும் போல இருக்கு" என்று கேலி செய்வாள் பக்கத்து வீட்டுப் பவுனம்மாள். தண்டவாளம் செப்பனிடும் கேங்மேன் வீரமலையின் மனைவி. சனிக்கிழமை தவறாமல் ரங்கநாதர் கோயிலுக்குப் போகிறவள். ஆனாலும் காலையில் ஞானப்பூவின் வீட்டில் வாசிப்பு நடக்கும்போது அம்மியைத் தொட மாட்டாள். சத்தம் தொந்தரவாக இருக்குமாம்.

அந்த வீட்டில் ஒரு சட்டம் இருந்தது. சபைப் பஞ்சாங்கத்தில் ஒவ்வொரு தேதிக்கும் இன்ன அதிகாரம் என்று வேத பாகம் போட்டிருக்கும். வருஷம் ஒரு தடவை முழு பைபிளும் முடிந்துவிடும். அந்த நாளுக்கான பாகத்தை வாசித்து ஆமென் சொன்ன பிறகுதான் கஞ்சியோ காப்பியோ. ஒரு வரி விடக்கூடாது, ஒரு வரி முந்தவும் கூடாது. "நாளைக்கு உள்ள மன்னாவை இன்னைக்கே பொறுக்கக் கூடாது" என்பார் பாக்கியநாதன். மன்னா என்பது வனாந்தரத்தில் வானத்திலிருந்து அன்றன்றைக்கு விழுந்த ஆகாரம்.

அவர்களுக்கு ஒரே ஒரு குழந்தை பிறந்து, மூன்றாவது வயதில், 1941-இல், விடியும் நேரத்தில் ஜுரத்தில் போய்விட்டது. அன்றைய பாகம் ஏதோ ஒரு கோத்திரத்தின் பெயர்ப் பட்டியல். இன்னாருக்கு மகன் இன்னார், அவனுக்கு மகன் இன்னார் என்று போய்க்கொண்டே இருக்கும். பாயில் குழந்தை கிடக்கிறது. தகப்பன் பக்கத்தில் உட்கார்ந்து அத்தனை பெயரையும் வாசித்தார். எத்தனையோ மகன்கள். தன் மகன் பெயர் மட்டும் அதில் இல்லை. ஞானப்பூ ஆமென் சொன்னாள். ஐயோ, அந்த ஆமெனை அவள் எந்தத் தொண்டையால் சொன்னாளோ!

வாசித்தால் மட்டும் போதாது, அன்றைய பாகம் எதைச் சொல்கிறதோ அது அன்றைக்கு உள்ள கட்டளை என்பது பாக்கியநாதனின் நம்பிக்கை. பதவி உயர்வோடு விழுப்புரத்துக்கு மாற்றல் வந்தபோது, அன்று காலைப் பாகத்தில் ஒருவனிடம் இந்தத் தேசத்திலேயே குடியிரு என்று ஆண்டவர் சொல்லியிருந்தார். மாற்றலைத் திருப்பி அனுப்பிவிட்டார். இரண்டு அங்கி உள்ளவன் இல்லாதவனுக்குக் கொடுக்கட்டும் என்று வந்த நாளில், வைகுண்ட ஏகாதசிக்கு வந்து பிளாட்பாரத்தில் நடுங்கிக்கொண்டிருந்த ஒரு கிழவருக்கு ரயில்வே கம்பளிக் கோட்டைப் போர்த்திவிட்டு வந்தார்.

"நாளைக்கு உங்க புஸ்தகத்துல வேட்டியைக் குடுன்னு வந்தா என்னண்ணே பண்ணுவீங்க?" என்றாள் பவுனம்மாள்.

"அதுக்குத்தானே பவுனு, ரெண்டு வேட்டி வச்சிருக்கேன்!"

இப்படிச் சிரித்த மனிதருக்குச் சர்க்கரை வியாதி வந்தது. முதலில் கண்ணைத் தொட்டது. ஆள் முகம் தெரிகிறது, எழுத்தெல்லாம் எறும்பு ஊர்வது போலத் தெரிகிறது என்றார். 1955-இல் ஒரு நாள் பைபிளை மனைவியின் மடியில் வைத்து, "இனிமே நீ வாசி. நீதான் எனக்குக் கண்ணு" என்றார். அன்றிலிருந்து வாசிப்பு ஞானப்பூவுடையது, ஆமென் அவருடையது.

பிறகு அது காலுக்கு வந்தது.

1957 ஜூன் மாதம். காவிரியில் புதுத் தண்ணீர் வந்திருந்த வாரம். தண்டவாளத்து ஜல்லியில் நடந்தபோது கான்வாஸ் ஷூவுக்குள் ஒரு ஆணி ஏறியிருந்தது. அவருக்கு வலிக்கவே இல்லை. நான்கு நாள் கழித்து நாற்றம் வந்த பிறகுதான் ஞானப்பூ ஷூவைக் கழற்றிப் பார்த்தாள். வலது கால் கட்டைவிரல் கருத்துப் போயிருந்தது. ஆஸ்பத்திரியில் டாக்டர் பார்த்தார், மோந்து பார்த்தார், வெளியே வந்து கையைக் கழுவிக்கொண்டே சொன்னார்.

"முழங்காலுக்குக் கீழே எடுத்தாகணும். நாளைக்கே. தாமதிச்சா விஷம் மேலே ஏறிடும். கையெழுத்துப் போட்டுட்டுப் படுத்துக்குங்க."

"நாளைக்குக் காலையில சொல்றேங்க" என்றார் பாக்கியநாதன்.

"இதுல யாரைக் கேக்கணும்?"

"கேக்க வேண்டிய இடத்துல கேக்கணும், டாக்டர்."

எவ்வளவு சொல்லியும் அவர் படுக்கவில்லை. குதிரை வண்டியில் திரும்பினார்கள். காவிரிப் பாலத்தில் வரும்போது அவர் மெதுவாகச் சொன்னார்: "நாளைக்குப் பாகத்துல தடை ஒண்ணும் இல்லேன்னா கையெழுத்துப் போட்டுடறேன் ஞானப்பூ. பயப்படாதே."

மத்தியானம் ஜுரத்தில் அவர் கண்ணயர்ந்தார். ஞானப்பூ சுவரில் மாட்டியிருந்த பஞ்சாங்கத்தின் முன்னால் போய் நின்றாள். இருபத்திரண்டு வருஷத்தில் முதல் தடவையாக நாளைய தேதியைப் பார்த்தாள். பைபிளை எடுத்துக்கொண்டு அடுப்படிக்குப் போய், உதடு அசையாமல் வாசித்தாள். மூன்று அதிகாரம். யூதா தேசத்து ராஜா ஒருவனின் கதை. நல்ல ராஜா. கடைசி அதிகாரத்தின் கடைசியில் மூன்று வசனம் இருந்தது. அதற்கு வந்ததும் அவள் விரல் நின்றுவிட்டது.

அந்த ராஜாவுக்கு வயதான காலத்தில் கால்களில் நோய் வந்தது. கடுமையான நோய். அப்போதும் அவன் கர்த்தரைத் தேடவில்லை, வைத்தியர்களைத்தான் தேடினான். பிறகு செத்துப்போனான், புதைத்தார்கள்.

கால்! வேதம் முழுக்க எத்தனை நோய் இருக்கிறது, குஷ்டம் இருக்கிறது, குருடு இருக்கிறது. இந்த ஒரு நாளில், இந்த ஒரு மனிதனுக்கு, காலைப் பற்றியா வர வேண்டும்? ஞானப்பூ பைபிளை மூடி முந்தானையில் பொதிந்துகொண்டு அடுப்புக்கு முன்னாலேயே உட்கார்ந்துவிட்டாள். நாளைக் காலை இந்த மூன்று வசனம் அவள் வாயிலிருந்து வரும். அதைக் கேட்ட பிறகு அவர் ஆஸ்பத்திரிப் பக்கமே போக மாட்டார். அவர் கற்றுக்கொடுத்த எழுத்தைக் கொண்டே அவரை அவள் கொல்லப் போகிறாள்.

குழாயடியில் பவுனம்மாள் குடத்தோடு நின்றாள். ஞானப்பூவின் முகத்தைப் பார்த்ததும் குடத்தை அப்படியே வைத்துவிட்டாள். விஷயத்தைக் கேட்டதும் அவளுக்குக் கோபம்தான் வந்தது.

"இதுக்கா இப்படி அழுவுற? அந்த மூணையும் வாசிக்காம விட்டுடு. பக்கம் ஒட்டிக்கிச்சுன்னு வச்சுக்க. அண்ணனுக்குத்தான் எழுத்து கண்ணுக்குத் தெரியலையே!"

"அப்படிச் செய்யக் கூடாது பவுனு. கடைசிப் பக்கத்துலயே எழுதியிருக்கு. இதுல ஒரு வார்த்தையை எடுத்தா, பரலோகத்துல எனக்கு உள்ள பங்கை ஆண்டவர் எடுத்துடுவாரு."

"பங்குன்னா?"

"இடம். செத்த பிறகு எனக்கு உள்ள இடம். என் புள்ள அங்கதான் இருக்கான். இவரும் அங்கதான் போவாரு. நான் மட்டும்..."

பவுனம்மாள் குழாயை மூட மறந்து நின்றாள். குடம் நிரம்பி வழிந்துகொண்டிருந்தது.

"உங்க சாமி அவ்வளவு கறாரா யக்கா?"

ஞானப்பூ வழிந்த குடத்தைத் தூக்கி அவள் இடுப்பில் வைத்தாள்.

மறுநாள் காலை பாக்கியநாதன் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தார். துணி சுற்றிய காலைத் தலையணை மேல் வைத்திருந்தார். அடுத்த வீட்டில் அம்மிச் சத்தம் இல்லை. ஞானப்பூ வாசித்தாள். முதல் அதிகாரம், இரண்டாவது அதிகாரம். ராஜா விக்கிரகங்களை உடைத்தான், யுத்தத்தில் ஜெயித்தான். மூன்றாவதில் அவன் வேறொரு ராஜாவோடு உடன்படிக்கை செய்தான், கண்டித்த தீர்க்கதரிசியைச் சிறையில் போட்டான். அவள் நிறுத்தினாள். இன்னும் மூன்று வசனம். எழுத்துகள் பெரிது பெரிதாக எழும்பி அவளைப் பார்த்தன. அவள் கண்ணை மூடினாள். மூன்று வயதுப் பிள்ளை ஒன்று எங்கேயோ வெகு தூரத்தில் திரும்பிப் பார்க்காமல் நடந்து போவது போல இருந்தது.

பைபிளை மூடினாள்.

"முடிஞ்சுதா?" என்றார் அவர்.

"முடிஞ்சுதுங்க."

சென்னைப் பக்கமிருந்து வந்த கூட்ஸ் வண்டி ஒன்று ஸ்டேஷனைத் தாண்டிப் போனது. அதன் கடைசிப் பெட்டியும் போகும்வரை அவர் காத்திருந்தார். அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "ஆமென்" என்றார். "வீரமலையை வண்டி கொண்டாரச் சொல்லு. கையெழுத்துப் போட்டுடறேன்."

காலை எடுத்தார்கள். அவர் பிழைத்தார்.

அதற்குப் பிறகு ஒன்பது வருஷம். ரயில்வேயில் அவரை விளக்கு அறையில் உட்காரும் வேலையில் போட்டார்கள். கக்கத்தில் கட்டையை ஊன்றிக்கொண்டு போய், சிக்னல் விளக்குகளுக்கு எண்ணெய் ஊற்றி, கண்ணாடியை விரலால் தடவித் தடவித் துடைத்து வைப்பார். தூணைப் பிடித்துக்கொண்டு நின்று கோயிலுக்கு வருகிறவர்களுக்கு வழி சொல்வார். மத்தியானச் சாப்பாட்டை ஞானப்பூ தூக்குச் சட்டியில் கொண்டுபோவாள். அவர் சாப்பிட்டு முடிக்கும்வரை பக்கத்தில் உட்கார்ந்து ஈ ஓட்டுவாள். உலகத்தில் இதைவிடப் பெரிய சுகம் உண்டா என்று அவளுக்குத் தோன்றும். தோன்றிய மறுகணமே நெஞ்சில் முள் குத்தும்.

ஞாயிற்றுக்கிழமை பஸ் ஏறிக் கோட்டைப் பக்கம் இருந்த சபைக்குப் போவார்கள். மாதத்தின் முதல் ஞாயிறு நற்கருணை. செய்த பாவத்துக்கு உண்மையாக மனம் வருந்துகிறவர்கள்தான் அதை வாங்கலாம். பாவ அறிக்கை சொல்லி, எல்லோரும் எழுந்து பீடத்துக்கு முன்னால் போய் முழங்கால் போட்டு அப்பமும் திராட்சை ரசமும் வாங்குவார்கள். பெஞ்சில் இரண்டு பேர் மட்டும் உட்கார்ந்திருப்பார்கள். அவருக்குக் கால் இல்லை, அவரைத் தனியாக விட மனமில்லாமல் அவளும் உட்கார்ந்திருக்கிறாள் என்று சபை நினைத்தது. குடும்ப ஞாயிறன்று போதகர் பிரசங்கத்திலேயே சொல்லிவிட்டார்: "புருஷனுக்காக நற்கருணையையே தியாகம் செய்கிற சகோதரி ஞானப்பூவைப் பாருங்கள்!" அத்தனை தலையும் திரும்பியது. அவளுக்குத் தரை பிளந்து தன்னை விழுங்கினால் தேவலை என்றிருந்தது.

ஆராதனை முடிந்து போதகர் கிட்டே வந்தார். "அடுத்த மாசத்துலேர்ந்து நானே பெஞ்சுக்குக் கொண்டுவந்து தர்றேன் ஐயா."

"வேண்டாங்கய்யா. எல்லாரும் முழங்கால் போடுற இடத்துல நான் உக்காந்துகிட்டு வாங்கறது மரியாதை இல்லை" என்று மறுத்துவிட்டார் பாக்கியநாதன். நல்லவேளை என்று ஞானப்பூ மூச்சு விட்டாள்.

வருஷா வருஷம் ஜூன் மாதம் அந்தத் தேதி வரும். அவள் அதற்கு முந்தின நாள் சாப்பிட மாட்டாள். ஆனால் என்ன அதிசயமோ, அன்று காலையில் மட்டும் அவருக்குத் தலை பாரமாக இருக்கும். "இன்னைக்கு நீயே உனக்குள்ள வாசிச்சுக்க" என்று போர்வையை இழுத்துக்கொள்வார். அந்தத் தலைவலிக்காக அவள் ஆண்டவருக்கு ஸ்தோத்திரம் சொன்னாள். தன்னைத் தள்ளிவிட்டவருக்கு ஸ்தோத்திரம் சொல்லலாமா என்று தெரியாமலேயே சொன்னாள்.

1966-இல் இடது கால் கருத்தது.

டாக்டர் வேறு. வார்த்தை அதே வார்த்தைதான். இந்தத் தடவை பாக்கியநாதன் நாளைக்குச் சொல்கிறேன் என்று சொல்லவில்லை. "வேண்டாங்க" என்று சொல்லிவிட்டு வீட்டுக்கு வந்து படுத்தார். ஞானப்பூ காலைப் பிடித்துக்கொண்டு கெஞ்சினாள். பவுனம்மாள் திட்டினாள்: "என்னண்ணே வீம்பு இது? ஒரு காலுக்கு ஒரு நியாயம், இன்னொரு காலுக்கு ஒரு நியாயமா?" அவர் சிரித்தார். பவுனம்மாள் கண்ணைத் துடைத்துக்கொண்டு வெளியே போன பிறகு, "ஞானப்பூ, பைபிளை எடு" என்றார்.

"இன்னைக்குப் பாகம் காலையிலயே வாசிச்சாச்சேங்க."

"இன்னைக்கு உள்ளது இல்லை. ஒம்பது வருஷத்துக்கு முன்னால நீ வாசிக்காம விட்டது."

அவள் கதவைச் சாத்திவிட்டு வந்து அவர் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"தெரியுமா உங்களுக்கு?"

"வருஷம் தவறாம வாசிச்சவன்டி நான். அந்த ராஜாவோட கால் எனக்கு மனப்பாடம். டாக்டர் காலை எடுக்கணும்னு சொன்னப்பவே நாளைக்கு எந்தப் பாகம்னு எனக்குத் தெரியும்."

"பின்ன ஏங்க கையெழுத்துப் போட்டீங்க?"

அவர் மூச்சு வாங்கிக்கொண்டார். "நீ வாசிச்சிருந்தா போட்டிருக்க மாட்டேன். நீ நிறுத்தினே. அந்தக் கடைசிப் பக்கத்தை உனக்குச் சொல்லிக் கொடுத்ததே நான்தானே? எதைக் குடுத்து நீ என் உசிரை விலைக்கு வாங்குறேன்னு எனக்குத் தெரிஞ்சுபோச்சு. நான் மாட்டேன்னு சொல்லியிருந்தா, நீ அதைச் சும்மா குடுத்ததா ஆயிருக்கும். அதை எப்படித் தாங்குறது? போட்டுட்டேன்."

"அப்ப நற்கருணைக்கு..."

"எந்த முகத்தோட போறது? அன்னைக்கு நான் கர்த்தரைத் தேடலை ஞானப்பூ. உன் முகத்தைத்தான் பார்த்தேன். வலது காலை உனக்காகக் குடுத்தேன். இது அவர் கையில இருக்கட்டும். வாசி."

ஒன்பது வருஷம் ஒரே பெஞ்சில், ஒருவர் கையை ஒருவர் பிடித்துக்கொண்டு, ஒரே பாவத்தை ஒருவருக்குத் தெரியாமல் ஒருவர் சுமந்திருக்கிறார்கள்! ஞானப்பூ வாசித்தாள். முசிறிப் பெண் முதன்முதல் எழுத்துக் கூட்டியது போல ஒவ்வோர் எழுத்தாக, மூன்று வசனத்தையும். அவர் ஆமென் சொன்னார்.

மூன்றாம் நாள் மாலை போதகர் வீட்டுக்கே வந்தார். ஸ்டூலில் வெள்ளைத் துணி விரித்து அப்பத்தையும் கிண்ணத்தையும் வைத்தார். பாக்கியநாதன் எல்லாவற்றையும் அவரிடம் சொன்னார். போதகரின் கண் கலங்கிவிட்டது.

"ஐயா, வைத்தியரைத் தேடினது அந்த ராஜாவோட குத்தம் இல்லை. கர்த்தரை விட்டுட்டுத் தேடினதுதான் குத்தம். ஜெபம் பண்ணிட்டு ஆஸ்பத்திரிக்குப் போகலாமே, வாங்க, நானே கூட்டிட்டுப் போறேன்."

"இப்ப எடுத்தாலும் பிழைக்க மாட்டேன்னு காலையில வந்த டாக்டர் சொல்லிட்டாருங்கய்யா. விஷம் தொடை வரைக்கும் வந்திடுச்சாம்."

போதகர் ஸ்டூலுக்குப் பக்கத்தில் முழங்கால் போட்டார். பாவ அறிக்கையைச் சொல்லி, அவருக்கு அப்பத்தையும் ரசத்தையும் கொடுத்தார். ஒன்பது வருஷத்துக்குப் பிறகு அவர் உதடு அந்தக் கிண்ணத்தைத் தொட்டது. முகம் குழந்தை முகம் போல ஆகிவிட்டது. "அவளுக்கும் குடுங்கய்யா" என்றார்.

போதகர் ஞானப்பூவின் பக்கம் திரும்பி, எல்லோரிடமும் கேட்கிற அதே கேள்வியைக் கேட்டார்: "உன் பாவங்களுக்காக உண்மையாகவே மனம் வருந்துகிறாயா?"

அவள் வாயைத் திறந்தாள். ஆம் என்ற ஒரு வார்த்தைதான். அந்த ஒரு வார்த்தையைச் சொன்னால் பங்கு திரும்பக் கிடைத்துவிடும். பிள்ளை கிடைப்பான். இவரும் கிடைப்பார்.

"வருத்தப்பட வரலைங்கய்யா" என்றாள்.

"என்னம்மா சொல்றே?"

"ஒம்பது வருஷமும் முயற்சி பண்ணிப் பார்த்துட்டேன். ஒவ்வொரு மாசமும் அந்த அறிக்கையைச் சொல்றப்ப, இனி இப்படிச் செய்ய மாட்டேன்னு மனசுக்குச் சொல்லிக் கொடுப்பேன். திரும்பிப் பார்த்தா இவர் பக்கத்துல உக்காந்திருப்பாரு. நான் அன்னைக்கு வாசிச்சிருந்தா இவர் இருக்க மாட்டாரேன்னு தோணும். அதுக்கு எப்படிங்கய்யா வருத்தப்படறது? நாளைக்கே திரும்ப அந்தக் காலை நேரம் வந்தாலும் நான் அந்தப் புஸ்தகத்தை மூடிடுவேனே! வருத்தப்படறேன்னு பொய் சொல்லி இதை வாங்கிக்கட்டுமா?"

வாசலில் நின்ற பவுனம்மாள் முந்தானையை வாயில் அழுத்திக்கொண்டாள்.

"அய்யா," என்றார் பாக்கியநாதன் படுக்கையிலிருந்து, குரலே எழும்பாமல், "அவளுக்காக நான் வருத்தப்பட்டா ஆகாதுங்களா?"

போதகர் எத்தனையோ மரணப் படுக்கைகளைப் பார்த்தவர். எத்தனையோ ஆறுதல் வசனம் அவருக்குத் தெரியும். "ஆகாதுங்களே, ஐயா" என்றார். "அது அவங்கதான் படணும்."

பாக்கியநாதனுக்கு இன்னும் இரண்டு நாள்தான் இருந்தது. போர்வைக்குள்ளிருந்து அவர் கை வெளியே வந்து, துழாவித் துழாவி ஞானப்பூவின் கையைப் பிடித்துக்கொண்டது. "கொஞ்சம் முயற்சி பண்ணிப் பாரேன்" என்றார் அவர், சின்னப் பிள்ளையிடம் கெஞ்சுவது போல. "எனக்காகப் பண்ணேன், ஞானப்பூ."

அவள் அவர் முகத்தைப் பார்த்தாள். பார்க்கப் பார்க்க அந்த ஒன்பது வருஷமும் ஒவ்வொரு நாளாக அவள் முன்னால் வந்து நின்றது. ஒரு நாளைக்கூட அவளால் வேண்டாம் என்று சொல்ல முடியவில்லை. தலையை இல்லை என்று அசைத்தாள்.

கிண்ணத்தில் அவளுக்கென்று மிஞ்சிய ரசத்தைப் போதகர் வெகு நேரம் கையில் வைத்துக்கொண்டே நின்றார்.